ஒரு கை பாக்கி

சுகுணாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அந்தமானில் லாங் ஐலண்ட் ஜெட்டிப் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். போட் வந்தால் வியாபாரம். வராவிட்டால் தேய்த்த சட்டியையே மறுபடி தேய்ப்பாள். "உனக்குக் கால்ல சக்கரம்" என்பார் புருஷன் ரவிச்சந்திரன். வனத்துறையில் படகு பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் நேர்மாறு, பக்கத்தில் இடி விழுந்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இந்த வாரம் அந்தச் சக்கரம் ஓட இடமில்லை. ஒரே மகள் திவ்யா போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் நிறைமாதமாக இருக்கிறாள். சுகுணா திங்கட்கிழமை கிளம்ப வேண்டியவள். ஞாயிறே காற்று பிடித்துக்கொண்டது. "மௌசம் கராப் ஹை அக்கா, போட் பந்த்," என்று ஜெட்டிக்காரன் கையை விரித்துவிட்டான். மறுநாள் செல்போன் டவரும் படுத்துவிட்டது. பிள்ளை பிறந்ததா இல்லையா, அதுகூடத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு அந்த ஸ்வெட்டர்.

கல்யாணமாகித் தீவுக்கு வந்த புதிதில், முதல் பிள்ளையைச் சுமந்தபோது ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு வங்காளி தீதி பின்னக் கற்றுக்கொடுத்தாள். மஞ்சள் கம்பளி. முன்பக்கம், பின்பக்கம், வலது கை எல்லாம் முடிந்து இடது கை பாக்கி இருந்தபோது, எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "பொறக்குறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு எதுவும் செய்யக்கூடாதுன்னு தெரியாதா? பின்னிப் பின்னியே தொலைச்சிட்டே," என்றாள். சுகுணா அதை நம்பிவிட்டாள். ஊசியோடும் மிச்சக் கம்பளியோடும் சுருட்டித் தகரப்பெட்டியில் போட்டாள். பிறகு திவ்யாவைச் சுமந்தபோது ஒரு கைக்குட்டைகூட வாங்கி வைக்கவில்லை.

வளைகாப்புக்கு வந்த திவ்யா பெட்டியைக் குடைந்து அதை வெளியே எடுத்துவிட்டாள். "இதை முடிச்சுக் குடும்மா. என் பிள்ளைக்கு இதுதான் வேணும்," என்று ஒரே பிடிவாதம். தனக்காகப் பின்னியது என்று நினைத்திருப்பாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் அந்தக் கதையைச் சொல்ல முடியுமா? "பாக்கலாம்," என்று சொல்லிச் சமாளித்தாள் சுகுணா.

பிறந்துவிட்டது என்றால் பின்னலாம். பிறக்கவில்லை என்றால் பின்னக்கூடாது. தெரியாவிட்டால் என்ன செய்வது? மாமியார் அதற்கு வழி சொல்லிவிட்டுப் போகவில்லை.

"இந்நேரம் பொறந்திருக்கும்," என்றார் ரவிச்சந்திரன்.

"பொறக்கலைன்னா?"

"அப்ப இனிமேதான் பொறக்கும்."

டீயை அவர் தலையிலேயே ஊற்றலாமா என்றிருந்தது அவளுக்கு. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ஜெட்டி வரை போய் நனைந்து திரும்பினாள். கடைசியில் புதன்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து, துருப்பிடித்த ஊசியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

ஒரு வரிசை போட்டாள், பயந்து பிரித்தாள். மறுபடி போட்டாள், மறுபடி பிரித்தாள். பிறகு கோபம் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்ட மாமியாருக்கு இன்னும் எத்தனை காலம் பயப்படுவது? அந்தக் கோபத்திலேயே பின்னி, விளக்கு வைப்பதற்குள் கையை முடித்து உடம்போடு சேர்த்தாள். வலது கை அந்தக் காலத்துச் சின்னப் பெண் இறுக்கிப் போட்டது. இடது கை தொளதொளவென்று ஒரு விரல் நீளமாக வந்திருந்தது.

வியாழன் காலை மழை விட்டதும் போன் அடித்தது. திவ்யாதான்.

"அம்மா, ராத்திரிலேர்ந்து வலி. ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். இப்ப உள்ளே கூட்டிட்டுப் போவாங்க."

இன்னும் பிறக்கவில்லை. சுகுணாவோ முடித்துத் தொலைத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிரித்துவிடலாமா என்று கண் ஸ்வெட்டரைத் தேடியது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"திவ்யா, அந்த ஸ்வெட்டரை முடிச்சுட்டேன்டி. தப்புப் பண்ணிட்டேன். அது உனக்குப் போட்டது இல்லை. அது வந்து..."

"தெரியும்மா. அண்ணனுக்குப் போட்டது. அப்பா எப்பவோ சொல்லிட்டாரு." திவ்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வலியைக் கடத்தினாள். "என்கூடப் பொறந்தவன் வேற யாரும்மா இருக்கா? என் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர்னு அது ஒண்ணுதான். எடுத்துட்டு வா."

அண்ணனாம். அந்தப் பிள்ளைக்குப் பேரே வைக்கவில்லை. வீட்டில் பேச்சு வந்தால் 'அந்தத் தடவை' என்பார்கள், அவ்வளவுதான். அவனை முறை வைத்து யாரும் சொன்னதில்லை, பெற்றவளே சொன்னதில்லை. சுகுணா போனைக் காதில் வைத்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். ரவிச்சந்திரன் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டி. போட் விட்டதும் வந்துர்றேன்," என்றாள் சுகுணா. "என் மகன் குடுத்ததுன்னு சொல்லி நானே போட்டுவிடறேன்."