தா.பழூர் என்று அடித்தவர்

பாடாலூரில் பஸ்ஸுக்காக நின்றபோது போன் வந்தது. தா.பழூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சவரிமுத்து இறந்துபோய்விட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் கடை வாசலில் கால் கடுக்க நின்ற ஊர்க்காரர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரும் நானும் சேர்ந்து ஒரு நெல் ஆலையோடு போட்ட சண்டையைச் சொல்கிறேன். அதில் ஜெயித்தோம்.

என் நெல் களத்தில் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துவிட்டது. இணையத்தில் பதிந்தால்தான் லாரி வரும் என்றது நெல் வாங்கும் ஆலை. சவரிமுத்து கடையில் உட்கார்ந்து ஊர்ப் பெயரை அடித்தேன். "சிறப்புக் குறிகள் கூடாது" என்று சிவப்பில் வந்தது. ஆலைக்குப் போன் செய்தால், "தா-வுக்கு அப்புறம் இருக்கிற புள்ளிய எடுத்துட்டு அடிங்க சார்" என்றார்கள். எடுத்தேன். பட்டாவில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்றால் ஊர்ப் பெயரைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டுமா? முடியாது என்றேன்.

சவரிமுத்து சிரித்தார். "யோவ், உன் ஊரு மேல தப்பில்ல. அடிக்கிற எழுத்தச் சோதிச்சு உள்ள விட வாசல்ல நிக்கிறவன் மேலதான் தப்பு." அந்தப் பக்கத்தின் உள்வேலையைத் திரையில் திறந்தார். ஒரு சதுர அடைப்பு, அதற்குள் எழுத்துகள். "இதுக்குள்ள இருக்கிறதுதான் உள்ள வரலாம். புள்ளி இருக்கா பாரு."

"வைக்கச் சொல்லு."

"எங்க வைக்கிறதுங்கிறதுதான்யா விஷயம். அடைப்புக்கு வெளிய வச்சா, கம்ப்யூட்டர் பாஷையில அந்த இடத்துல எந்தக் குறி வந்தாலும் சரின்னு அர்த்தம். உள்ள வச்சாத்தான் அது வெறும் புள்ளி."

நான் நம்பவில்லை. அடித்துக் காட்டச் சொன்னேன். அந்த அடைப்பைத் தன் கணினியில் நகலெடுத்து, புள்ளியை வெளியே வைத்தார். தா*பழூர் நுழைந்தது, தா?பழூரும் நுழைந்தது. உள்ளே வைத்தார். தா.பழூர் மட்டும் நுழைந்தது.

"இப்பவாச்சும் ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர் ஆலைக்குப் போன் போட்டார். "தம்பி, அடைப்புக்குள்ள ஒரே ஒரு புள்ளி. வெளிய வச்சிராதீங்க, குப்பையெல்லாம் உள்ள வந்துரும்." மறுமுனை இழுத்தது. இவர் போனை வைக்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கடையில் காத்திருந்த அத்தனை பேரும் புள்ளியோடு பதிந்தார்கள். முதல் தூறல் விழுந்தபோது என் களம் காலி.

நேற்று கடைத்தெருவில் அவருக்கு வைக்க அஞ்சலி பேனர் வந்தது. அதில் "தாபழூர்" என்று அடித்திருந்தார்கள். "செத்தவர் பேரு சரியாத்தானே இருக்கு, பெரியவரே" என்றார் பேனர்காரர். திருப்பி அனுப்பினேன். அந்தப் பிடிவாதம் என்னுடையது. புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று பேனர்காரருக்கு விரல் வைத்துக் காட்டினேனே, அது அவரிடமிருந்து எனக்கு வந்தது. பேனர் இப்போது புள்ளியோடு தொங்குகிறது. வந்து பாருங்கள்.