மாயாண்டி அண்ணன் நம்பாத பிளான்

மாயாண்டி அண்ணன் யாரையும் நம்பமாட்டார். சிலிபின் வட்டாரச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் கலக்கும்போது பக்கத்தில் போய் நின்று பார்ப்பார். ரப்பர்த் தோட்டம் கைமாறிப் பால்மரம் வெட்டும் வேலை போனபின், ஈப்போ நகரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டினார். அவரோடு வேலை செய்தவன் நான். அவருடைய சந்தேகம் எனக்குப் பெரிய எரிச்சல்.

1981இல், சிம்பாங் பூலாயில் இருந்த அவர் தங்கை நல்லம்மாள் வீட்டில் விரிசல் விழுந்தது. வாசலுக்கு மேலே, தூணில்லாமல் நாலடி நீண்டிருந்த கான்கிரீட் கூரையில், சுவரோரமாக. அதற்குக் கம்பி கட்டியதே நாங்கள்தான். ஆனால் வீட்டைக் கட்டிய குத்தகைக்காரர் ஐயாவு, கான்கிரீட் ஊற்றுமுன் கம்பியை உருவித் திருடிவிட்டார் என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். ஐயாவுவை அதன்பின் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்தத் திருட்டை நிரூபிக்கவே அண்ணன் கட்டட வேலை சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். இழுபடும் பக்கத்தில்தான் கம்பி வைக்கவேண்டும்" என்றார் வாத்தியார் சதாசிவம்.

"சும்மா சொல்றாரு லா" என்று அண்ணன் என் காதில் முணுமுணுத்தார்.

மறுநாள் ஒரு ரப்பர் கட்டியின் மேலும் கீழும் கத்தியால் கீறினார். இரண்டு செங்கல்மேல் வைத்து நடுவில் அமுக்கினார்; கீழ்க்கீறல் வாயைப் பிளந்தது. பிறகு, தங்கை வீட்டுக் கூரையைப்போல, ஒரு முனையை மட்டும் செங்கல்லுக்கடியில் செருகி, மறுமுனையை அமுக்கினார். இப்போது பிளந்தது மேல்கீறல். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"வா, தங்கச்சி வீட்டுக்குப் போலாம்" என்றார்.

கூரைமேல் ஏறி விரிசலை உளியால் கொத்தினோம். நாலு விரல் ஆழத்தில், அடிப்புறத்தில், கம்பி அத்தனையும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"பிளான்ல மேலதான் போட்டிருந்துச்சு. வரைஞ்சவன் தலைகீழாப் போட்டுட்டான்னு நாந்தான் கீழ எறக்குனேன்" என்றார். அவர் சொன்னபடி கட்டியவன் நான்.

அவசரமாகக் கூரைக்குக் கீழே மரங்களால் முட்டுக்கொடுத்தோம். நல்லம்மாள் வந்து, "ஐயாவு வேலைதானேண்ணே?" என்று கேட்டார்.

"இல்ல. என் வேலை."

"உன்னைய நம்பித்தானே பிள்ளைங்கள இதுக்கடியில விளையாட விட்டேன்" என்றார் நல்லம்மாள்.

அன்று மாலையே ஐயாவு வீட்டுக்குப் போனோம். அண்ணன் ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். ஐயாவு கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"உள்ளதச் சொல்லு. யாரு உன்னை அனுப்புனது?"