சத்தம் கேட்டால் வெளியே போகிறவள்

மறையூரில் கரும்பு போட்டிருக்கும் மொக்கையன், முகமூடிக் கொலைகாரன் வரும் அந்த இங்கிலீஷ் பட வரிசையில் ஒன்றைக்கூட விட்டதில்லை. முதல் படம் தங்கம், கொலைகாரன் காதலிக்கிற படம் குப்பை என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார். எல்லாப் படத்திலும் அவர் திட்டுவது ஒருத்தியைத்தான். வெளியே சத்தம் கேட்டதும் தனியாகப் போய்ப் பார்ப்பாளே, அவளை.

"கூறுகெட்டவ! ஆளக் கூப்பிட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

போன மாசியில் புதுப்படம் வந்தது. சாயங்காலமே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு செல்போனோடு உட்கார்ந்துவிட்டார். அப்போது கரும்புக்காட்டில் யானை புகுந்தது. யானை வந்தால் வீட்டுக்குள்ளிருந்தே தகர டின்னைத் தட்டுவது அங்கே வழக்கம். அக்கம்பக்கமும் சேர்ந்து தட்டும். அந்த டின்னில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வாசலிலேயே போட்டிருந்தார் மொக்கையன். அதை எடுக்கப் போன மனைவி பூமாரியை யானை தூக்கி வீசியது.

இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்திருந்தவளைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆனந்தி, "ஏன்க்கா தனியாப் போனீக?" என்று கேட்டாள்.

பூமாரி கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"ஆளக் கூப்பிட்டுட்டுத்தான் போனேன்."