முதுகு வரைகிற பெண்

வார இதழில் என் கதைகளுக்குப் படம் வரைந்த பெண்ணால் எனக்கு ரத்தக் கொதிப்பு வராமல் போனதே அதிசயம். எந்தக் கதையைக் கொடுத்தாலும் ஆட்களின் முதுகைத்தான் வரைவார். ஐந்து வாரம் போனில் கத்திப் பார்த்தேன். ஆறாவது வாரம் பிரிக்பீல்ட்ஸ் டீக்கடையொன்றில் நேரிலேயே பிடித்துவிட்டேன்.

ஒட்ட வெட்டிய முடி, பெரிய கண்ணாடி. வலக்கையில் இரண்டு விரலை மட்டும் மூடும் கறுப்பு உறை. டேப்லெட்டில் வரையும்போது கை வழுக்கிக்கொண்டு போக அது வேண்டுமாம். அதைக் கழற்றாமலேயே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்தார்.

"என் கதையில வர்றவங்களுக்கு மூஞ்சியே கிடையாதாம்மா?" என்றேன்.

"நீங்க எழுதினா வரையறேன் அண்ணே. 'அழகான முகம்'னு மட்டும் போட்டா நான் எதை வரையறது?"

"இந்த வாரம் கன்னத்துல மச்சம்னு எழுதியிருக்கேனே. அது என் மனைவிதான்."

"அப்ப ஈசி லா. அண்ணிக்கு எந்தக் கன்னம்?"

என் கை இடக்கன்னத்துக்குப் போனது, பிறகு வலக்கன்னத்துக்கு. அவர் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சிரிக்கவில்லை.

"பரவால்ல அண்ணே, முதுகே போட்டுடறேன்."

எரிச்சலோடு பூச்சோங் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த மனைவியை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தேன். மச்சம் கன்னத்திலேயே இல்லை, தாடையில் இருந்தது.

அந்த வார இதழிலும் முதுகுதான் வந்தது. நான் போன் செய்யவில்லை.