ஃபிஷரீஸில் இருந்தவர்

என் மனைவி ஆபீஸில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதுவும் முழுப் பொய் கிடையாது.

அமெரிக்காவில் சன்னிவேல் என்ற ஊரில், அவளுடைய மேனேஜர் வீட்டுத் தோட்டத்தில் பார்ட்டி. பர்கரை எந்தப் பக்கம் கடித்தால் மறுபக்கம் சட்டையில் விழாது என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போது மேனேஜர் அவளிடம், இந்தியாவில் உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பர்கரைப் பார்த்தாள், "ஹி வாஸ் இன் ஃபிஷரீஸ்" என்றாள்.

மேட்டூர் மார்க்கெட்டில் எட்டு வருஷம் மீன் விற்றவன் நான். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடத்தில் ஃபெயில். மீதி இரண்டில் எப்படிப் பாஸானேன் என்பதில் வாத்தியார்களுக்கே சந்தேகம் இருந்தது. ஒரு நாள் இன்ஜினியரிங் படிக்கிற பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். கட்லா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீன்" என்று மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். வியாபாரம் போச்சு. அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது அவள் கோட் எழுதுகிறாள், நான் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிறேன். விசாவில் என்னை டிபெண்டன்ட் என்று போட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி ஒரு அரசாங்கம் இவ்வளவு சரியாக எழுதியது அதுதான் முதல் முறை.

ஃபிஷரீஸ் என்று கேட்டதும் மேனேஜர் முகத்தில் பல்பு எரிந்தது. மனுஷனுக்கு ட்ரௌட் மீன் பைத்தியமாம். அடுத்த சனிக்கிழமை ஆற்றுக்குப் போகிறோம், கயாக் படகு, ஃப்ளை ஃபிஷிங், இரண்டு பேரும் கண்டிப்பாக வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஃபிஷரீஸா? அது கவர்மென்ட் டிபார்ட்மென்ட் ஆச்சே! மீன் விக்கிறவன்னு சொன்னா என்ன?"

"சொல்லியிருக்கலாம். சுத்தி நின்னவங்க ஹஸ்பண்ட் எல்லாம் ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் டைரக்டர். பேனிக் ஆயிட்டேங்க."

"இப்ப அவரு என்னை மீன் சயின்டிஸ்ட்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"நீங்க வாயத் தொறக்காம இருந்தா சயின்டிஸ்ட்தான். ப்ளீஸ்ங்க. நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா மண்டே அவர் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அவள் பேனிக் ஆனது என்னைப் பார்த்துதான் என்பதும் புரிந்தது. அதற்கு உடனே ஒரு ஜோக் அடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்று யூட்யூபில் பார்த்து அவளே விளக்கினாள். இறகிலும் நூலிலும் ஈ மாதிரி ஒன்று செய்து, கொக்கியில் கட்டி, தண்ணீர் மேல் வீசி மீனை ஏமாற்றுவதாம். எட்டு வருஷம் மீன் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினேன். மீன் விற்காத நாளில் சும்மாவே ஈ ஓட்டினேன். அந்த ஈயைக் காட்டி மீனைக் கூப்பிட ஒரு நாடே லைசென்ஸ் கொடுக்கிறது என்று தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை. ரெட்டிங் என்ற ஊரைத் தாண்டி ஒரு ஆறு. தண்ணீரைத் தொட்டால் ஃப்ரிட்ஜுக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. மேனேஜர் தனி கயாக்கில். எங்களுக்கு இரட்டை கயாக்: முன்னால் அவள், பின்னால் நான். மேனேஜர் தன் படகை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து, நகைக்கடைக்காரர் மாதிரி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஈக்கள். இன்றைக்கு எது சரிவரும் என்று நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

அவள் முதுகு விறைத்தது. நான் சயின்டிஸ்ட் முகம் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், இருப்பதிலேயே கொழுத்த ஈயைக் காட்டினேன்.

"இன்ட்ரஸ்டிங்" என்றார். வீட்டிலிருந்தே அவள் நடத்தும் மீட்டிங்குகளைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் அந்த வார்த்தைக்குத் தப்பு என்று அர்த்தம்.

அவர் வீசினால் கயிறு காற்றில் புடவை உதறின மாதிரி நீண்டு, ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. நான் வீசினேன். முதல் வீச்சில் மாட்டியது என் மனைவியின் தொப்பி. இரண்டாவதில் கரையோர மரம். அந்த ஈ அங்கேயே குடியேறிவிட்டது. வேறொன்றைக் கட்டி வீசியதில் என் லைஃப் ஜாக்கெட்.

"ஏங்க, மீன் தண்ணிக்குள்ள இருக்கு" என்றாள் திரும்பாமலே.

வேறு மாதிரி ஸ்டைலா என்று மேனேஜர் மரியாதையாகக் கேட்டார்.

"சவுத் இந்தியன் ஸ்டைல்" என்றாள்.

கடைசியில் நான் வீசுவதை விட்டேன். கயிறு பாட்டுக்குத் தண்ணீரில் இழுபட்டு வர, தூண்டில் கம்பைத் தொடையில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அப்போது ஒரு மீன், பரிதாபப்பட்டுத்தான் இருக்கும், வந்து கவ்வியது. கயாக் பாதி சுற்றியது. மேனேஜர் துடுப்பு போட்டு வந்து வலையை நீட்டினார். கையை நனைத்துக்கொள், மெதுவாகப் பிடி, உடனே விட்டுவிடு என்று கத்தினார்.

வலைக்குள் ட்ரௌட். பக்கவாட்டில் ரோஸ் கலரில் ஒரு கோடு. கையில் எடுத்தேன். அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கட்டைவிரல்தான் பொறுப்பு. அது நேராகப் போய்ச் செவுளைத் தூக்கியது.

"இப்ப வந்த மீனு சார்! ஃப்ரெஷ்ஷு! வெட்டித் தரட்டுமா?"

மார்க்கெட் குரல். ஆறு முழுக்கக் கேட்டது.

"நோ, நோ! செவுளைத் தொடாதே!" மேனேஜர் கொக்கியைக் கழற்றி மீனை வாங்கி, நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துப் பிடித்துக்கொண்டார். அது இரண்டு தடவை வாயை அசைத்தது, வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கோபம் இல்லை, நிஜமான சந்தேகம்: "இது ஃபிஷரீஸ் புரோட்டோகாலா?"

தப்பிக்க வழியை அவரே திறந்துவிட்டார். யெஸ் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி கயாக் ஆட ஆட முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். பதில் சொன்னது மேனேஜருக்கு, கண் மட்டும் என்மேல். இங்கிலீஷில் சொன்னாள்: "இவர் மார்க்கெட்ல மீன் வித்தார். நான் அவர் கஸ்டமர். அன்னைக்கு பயந்துபோய் ஃபிஷரீஸ்னு சொல்லிட்டேன். சாரி."

மேனேஜர் மரத்தில் தொங்கிய ஈயை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஓ. இப்ப எல்லாம் புரியுது" என்றார். அப்புறம், செவுளில் என்ன பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாடம் எடுத்தேன். "ரெட், டுடே. பிரவுன், யெஸ்டர்டே. வொய்ட், ஒன்லி ஃபார் ரிலேட்டிவ்ஸ்."

அவர் சிரித்ததில் துடுப்பு தண்ணீரில் விழுந்தது. இத்தனை வருஷமாக மீன் பிடிக்கிறேன், உயிரோடு இருக்கிற மீன் ஃப்ரெஷ்ஷா என்று ஒரு தடவைகூட செக் பண்ணியதில்லை என்றார்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் அவள்தான் கார் ஓட்டினாள். நான் ஒரு ஜோக்கூட அடிக்கவில்லை.

"ஏங்க, செவுள் எப்படி இருந்துச்சு?"

"செக்கச்செவேல்னு இருந்துச்சு."

"நான் பாக்கல. நீங்க சொன்னா அப்படியே நம்பிடணுமா?"

அன்றைக்குக் கடையில் கட்லாவுக்கு முன்னால் நின்று பேசிய அதே குரல்.