பெரியம்மாவின் செய்தியும் பூட்டாத புரோகிராமும்

சில வருஷங்களுக்கு முன்னால் நானும் என் நண்பனும் புத்தூரிலிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நான் தமிழ் எழுத்தைத் தனியாகக் கற்றுக்கொண்டேன், என் அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு அங்கே தமிழ் எழுதப் பழகிய பெரியம்மாவுக்கோ தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சு போய்விட்டது. போனில் தமிழில் எழுதி அனுப்புவார். நான் வீடு திரும்பும்வரை அம்மா அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படித்துக் காட்டுவதும் நான், பதில் எழுதுவதும் நான். மகனை நடுவில் வைத்துக்கொண்டு அக்காவிடம் மனசு விட்டுப் பேச முடியுமா?

அதனால் தமிழ் எழுத்தைத் தெலுங்கு எழுத்தாக மாற்றிக் காட்டும் புரோகிராம் ஒன்றை ரயிலிலேயே உட்கார்ந்து எழுதினோம். அதை இணையத்தில் எந்தத் தளத்தில் சேமித்து வைப்பது என்பதில்தான் சண்டை. பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தளமாக அலசினோம். யார் கண்ணிலும் படாமல் பூட்டித் தரும் தளம்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சோதித்துப் பார்க்கப் பெரியம்மாவின் செய்திகளைத்தான் உள்ளே போட்டிருந்தோம். குடும்ப விஷயம் ஊருக்குத் தெரியலாமா?

ரேணிகுண்டா வருவதற்குள் நண்பன் தீர்த்து வைத்தான். "பெரிம்மா எழுதனத மட்டும் தனியா பூட்டி வை. புரோகிராமையும் எதுக்குடா பூட்டி வச்சிக்கினு? நம்ம பக்கம் எத்தினி வூட்ல இதே கத." அரைமனசாகச் சம்மதித்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று புரோகிராமைத் திறந்தே வைத்தோம்.

அம்மா படிக்க ஆரம்பித்தார். பதில் மட்டும் என் கையில்தான். நண்பன் வெளிநாடு போனான். போன வருஷம் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினோம், அதில் எங்கள் புரோகிராம் ஓட மறுத்தது. "அக்கா இன்னா எழுதிக்கிறான்னே தெர்லியேடா" என்று அம்மா புலம்பினார்.

ரொம்ப நாள் கழித்து அந்தத் தளத்தைத் திறந்தேன். ஓசூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், முன்பின் தெரியாதவர், அதைப் புதுப் போன்களில் ஓடும்படி செப்பனிட்டிருந்தார். தெலுங்கு எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றும் வழியையும் சேர்த்திருந்தார். கூடவே ஒரு குறிப்பு: 'எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். உதவியாக இருந்தது, நன்றி.'

அன்று அம்மா தெலுங்கு எழுத்தில் தட்டியது தமிழாகித் திருத்தணிக்குப் போனது. "அக்கா, சோறு துன்னியா?"

பதில் உடனே வந்தது. "நீயே எழுதினியா?" அம்மா அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். அந்த ரயில் காலையில் நாங்கள் பூட்டாமல் விட்டதால்தான் அக்கா தங்கைக்கு ரகசியம் பேச ஓர் இடம் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், என் நண்பன் பக்கத்து சீட்டில் இல்லையே என்று இருக்கிறது.