பொட்டு நிற்காத முகம்

அம்சாவுக்குப் பொட்டு நிற்காது. காலையில் நெற்றியில் ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு பொழுது ஏறுவதற்குள் புருவத்துக்கு இறங்கும், அங்கிருந்து கன்னம், அப்புறம் கழுத்து மடிப்பு. சாயங்காலம் மகள் பிரியங்கா தேடினால் ரவிக்கை விளிம்பில் அகப்படும். அவ்வளவு வேர்வை. உடம்பெல்லாம் இல்லை, முகம் மட்டும். மார்கழிப் பனியில் ஊரே போர்த்திக்கொண்டு நடக்கும்போதும் அவள் தாடையிலிருந்து சொட்டும். பதினேழு வயதில் பிடித்தது, நாற்பது தாண்டியும் விடவில்லை. தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கும்.

உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரிக்கரை ஓரம் ஏழு வீடு. ஏழும் கூலிக்குப் போகிற வீடுகள். ஊர்க்காரர்கள் நிலத்தில் நடவு, களை, அறுப்பு எல்லாம் இவர்கள் கைதான். அதோடு அம்மன் கோயில் வாசல் பெருக்குவது அம்சாவின் பாடு.

"குளுர்ல வேர்க்குது பாரு. இவளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டிக்கினு கீறாங்க" என்பாள் ஊருக்குள் இருக்கிற சொக்கம்மாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அம்சா வந்தால் ஓரடி தள்ளித்தான் நிற்பாள்.

தை மாதம் பிரியங்கா அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்து தைராய்டு, சர்க்கரை இரண்டும் பார்த்தார்கள். இரண்டும் இல்லை.

"முகத்து வேர்வைச் சுரப்பிய முடுக்கிவிடற நரம்பு தேவைக்கு மேல வேலை செய்யுது. அவ்வளவுதான். பயந்தா இன்னும் கூடும்" என்றார் டாக்டரம்மா. "இந்த மருந்த ராத்திரி முகத்தை நல்லா காயவெச்சு நெத்தியில தடவுங்க, கண்ணுல படக்கூடாது. காலையில கழுவிடுங்க. துண்டால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. காரத்தைக் கொறைங்க."

"காரமில்லாத கொழம்ப நாயி கூட மோந்து பாக்காது, டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டு மாத்திரையும் எழுதினார். நாலு பேர் எதிரில் நிற்க வேண்டிய நாளில் ஒன்று போட்டுக்கொள்ளலாம், வாய் காயும். வெயிலில் வேலை செய்கிற அன்றைக்கு மட்டும் கூடாது, வேர்வை நின்றால் உடம்புச் சூடு வெளியே போகாது, மயக்கம் வந்து விழ வேண்டியதுதான். அம்சா மாத்திரையை அரிசிப் பானையில் போட்டு வைத்தாள். மருந்தை மட்டும் விடாமல் தடவினாள்.

சித்திரை வந்தது, கத்திரி வெயிலும் வந்தது. அந்த வருஷம்தான் அம்மன் கோயில் கீற்றுக் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் பூசாரி பச்சமுத்து கதவைத் திறந்தார். அம்மனுக்குக் கண் இல்லை. குங்கிலியமும் மெழுகும் வைத்து ஒட்டியிருந்த இரண்டு வெள்ளிக் கண்ணும் போய்விட்டன. வெறும் கல்முகம் அவரைப் பார்த்தது.

கண் இல்லாத அம்மனைத் தொடக்கூடாது, திருடன் அகப்படுகிற வரைக்கும் அவள் கட்டின புடவையைக்கூட மாற்றக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. பச்சமுத்து அவள் தலைமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிக் கதவைச் சாத்தினார். மூன்றாம் நாள் திறந்தால் துணியில் இரண்டு ஈரக்கோடு. நாளுக்கு நாள் நீண்டது. அம்மன் அழுகிறாள் என்று ஊர் நடுங்கியது. நண்பகலில் பிள்ளைகளை யாரும் வெளியே விடவில்லை. கோயில் வேம்பில் காக்கை கூட அடையவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் கற்பூரம் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெற்றிலைமேல் கற்பூரம் ஏற்றி, அது எரிந்து அடங்கும்வரை அம்மன் எதிரில் நிற்க வேண்டும். கள்ளனுக்கு முகம் வேர்க்கும். கோயிலுக்கு வந்துபோகிற பதினோரு பேர். கடைசியில் அம்சா. எப்போதும் வேர்க்கிற முகம் என்று அவளுக்கு மட்டும் விலக்குக் கிடையாது, கட்டு கட்டுதான்.

அவள் திருடி என்று ஆனால் ஏழு வீட்டுக்கும் இனி ஊருக்குள் வேலை கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணு போட்டுக்கோம்மா" என்று பிரியங்கா மாத்திரையை நீட்டினாள். "கற்பூரம் எரியற நேரந்தான."

"அப்பறம் எள்ளு அறுக்க போவணும். வெயில்ல மயங்கி யாரு வுழறது?"

"இன்னிக்கி ஒரு நாளு போவாத."

அம்சா மாத்திரையைத் திரும்பப் பானையில் போட்டாள். "இத்தினி வருசமா இந்த மூஞ்சியோடதான் அவ வாசல பெருக்கினேன். இன்னிக்கி வேற மூஞ்சிய மாட்டிக்கினு அவ எதிர்ல போய் நிக்க மாட்டேன். போடி."

பத்துப் பேரும் காய்ந்த முகத்தோடு திரும்பினார்கள். அம்சா முன்னால் வந்தாள். கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே வேர்வை புருவத்தைத் தாண்டிவிட்டது. பொட்டு கிளம்பிவிட்டது. பின்னால் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இன்னா அம்சா இது" என்றார் பச்சமுத்து மெதுவாக.

அவள் வெள்ளைத் துணியையே பார்த்தாள். உள்ளே இருக்கிற கண்ணில்லாத முகம் துணியைத் துளைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஈரக்கோடு இரண்டும் கண் இருக்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை. அதற்கும் மேலே, நெற்றி உச்சியில் தொடங்கின. புருவத்தில் தயங்கி, மூக்கின் இரண்டு பக்கமும் பிரிந்து, தாடையில் கூடின. அந்த வழி அவளுக்குத் தெரிந்த வழி.

"நைனா, அவ அழல."

"இன்னா?"

"அழுதா கண்ணுலேர்ந்து வரும். இது நெத்தியிலேர்ந்து வருது. அவளுக்கு வேர்க்குது."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"தகரத்த போட்டு கதவ சாத்தி வெச்சா? பூசின எண்ணெயெல்லாம் கசியாதா? கண்ணு மெழுகுலதான ஒட்டிகீது. என் பொட்டு எங்க போவும்னு ஊருக்கே தெரியும். அங்க தேடு."

"தொடக்கூடாது, அம்சா."

"அப்ப நான் தொடட்டுமா?"

பச்சமுத்து துணியை விலக்கிவிட்டு அவசரமாகக் கையை நீட்டினார். கழுத்துக்குக் கீழே, புடவைக் கொசுவம் மடியில் குழிந்த இடத்தில், விரல் நின்றது. இரண்டு கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் மெழுகோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றுகூடக் கவிழவில்லை. ஒன்பது நாளாக மடிக்குள்ளிருந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

அம்மன் முகத்தைத் துடைக்க அவர் கையில் உலர்ந்த துணி இல்லை. அம்சா தோளில் இருந்ததை உருவிக் கொடுத்தாள். "தேய்க்காத நைனா. ஒத்தி எடு."

தகரம் இறங்கிக் கூரை திரும்ப ஏறியது. அந்தத் துண்டு மட்டும் அம்மனுக்கே நின்றுவிட்டது. தினமும் காலையில் பச்சமுத்து ஒத்தி எடுத்து வாசலில் போடுவார், அம்சா ஏரியில் அலசி வருவாள்.

மார்கழி பிறந்தது. மருந்தின் புண்ணியமோ என்னவோ, அவள் நெற்றி பாதிக்குமேல் காய்ந்திருந்தது. பொட்டு மத்தியானம்வரை நின்றது. பனி கொட்டுகிற ஒரு காலையில் துண்டை எடுத்தாள். கனத்தது. பிழிந்தாள், விரலிடுக்கில் ஒழுகியது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

இதைப் பச்சமுத்துவிடம் சொல்லவில்லை, பிரியங்காவிடமும் சொல்லவில்லை. ஏரியில் துண்டை அலசி உதறி, கோயில் வாசலில் காயப் போட்டுவிட்டு, எப்போதும்போல் பெருக்க ஆரம்பித்தாள்.